திண்டிவனத்தில் சாமியாகிப்போன கொடிக்கம்பம்

1

திண்டிவனத்தில் ஓர் இரும்புக் குழாய் சாமியாகிவிட்டது. அந்தச் சாமிக்குச் சட்டப்படி உரிமையாளன் நான். டெக்சஸில் சனிக்கிழமை தோறும் புல் வெட்டிக்கொண்டு கிடக்கிறவனுக்கு இப்படியொரு பதவி வருமென்று எந்த ஜோசியக்காரரும் சொன்னதில்லை.

ஆகஸ்ட் பதினைந்தை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை, இங்குள்ள நம்மவர்கள் ஒரு பூங்காவில் கூடுவோம். கொடியேற்றி, சமோசா தின்று, கார் நிறுத்த இடம் கிடைக்காத கதையைப் பேசிக் கலைவோம். இந்த முறை அங்கே போனபோது, விழுப்புரத்துக்காரர் ஒருவர் தன் போனில் ஒரு படத்தைக் காட்டி, "இது உங்கப்பா தானே? பின்னாடி மஞ்சத் துணி கட்டிக்கினு நிக்குதே, அது என்னா?" என்று கேட்டார். அவருக்குச் சமோசா ஆறும்வரை சொன்னேன். ஊரில் இருக்கிற உங்களுக்கும் யாராவது அரைகுறையாகச் சொல்வதற்குள் முழுசாக எழுதிவிடுவது நல்லது.

2

அப்பா பெயர் ஏழுமலை. ராணுவத்தில் ஹவில்தாராக இருந்தவர். கார்கில் சண்டையின்போது மலைமேல் இருந்தார். இடது முட்டியில் ஒரு துண்டு இரும்போடு இறங்கி வந்தார். அந்தச் சண்டையைப் பற்றி வீட்டில் அவர் சொன்னது, "குளுரு தாங்கல" என்பது மட்டும்தான். எங்கள் தெருவில் அரிசிக் கடைக்காரர்கூட அதைவிட நிறைய சொல்வார்.

ஓய்வு பெற்றதிலிருந்து விழுப்புரத்தில் ரயில் லைனை ஒட்டிய வாடகை வீட்டில் அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். தினமும் சூரியன் எழும்போது மொட்டை மாடியில் கொடியை ஏற்றுவார், சாயும்போது இறக்குவார். வீட்டுக்காரர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மாதம் பிறந்தால் வாடகை வந்தது, அவருக்கு அது போதும்.

நான்தான் சும்மா இருக்காமல் திண்டிவனம் பைபாஸைத் தாண்டி ஒரு வீடு வாங்கினேன். கேட் போட்ட குடியிருப்பு, காவலாளி, சறுக்குமரம் வைத்த சின்னப் பூங்கா. கட்டியவர்கள் அதை வில்லா என்றார்கள். அப்பா பட்டாளத்துப் பேரக்ஸ் என்றார். ஆஸ்பத்திரி பக்கம் என்று அவர்களிடம் சொன்னேன். உண்மையில், விமானத்திலிருந்து இறங்கி வருகிற எனக்குத்தான் அது பக்கம். "ஜங்ஷன்ல இருந்தவனக் கொண்டாந்து ஸ்டேஷன்ல எறக்கி உட்டுட்டான் என் புள்ள" என்று அப்பா புது ஊரில் எல்லோரிடமும் சொல்லி வைத்தார். திண்டிவனத்துக்காரர்களுக்கு இந்த நகைச்சுவை அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

குடிவந்ததும் வீட்டு முன்னால் இருந்த ஒரு முழம் மண்ணில் கம்பம் நடச் சொன்னார். கொத்தனார் முருகன் குழி எடுத்து, எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்து, கற்பூரம் காட்டி, சிமென்ட் போட்டுக் கம்பத்தை நிறுத்தி, மூன்று விரலால் சந்தனம் இழுத்துக் குங்குமம் வைத்தார். அப்பா ஈரத்துணியால் அத்தனையையும் துடைத்துவிட்டார்.

"இன்னா சார், பொட்டு இல்லாம எப்படி நிக்கும்?"

"சிமென்ட்ல நிக்கும். கொடி பறக்குற கம்பத்துல பூ, மாலை எதுவும் இருக்கக் கூடாது. அது ரூல்."

முருகன் கூலியை வாங்கிக்கொண்டு, கம்பத்தைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார். நம் பக்கத்தில் ஜேசிபிக்கே பொட்டு வைத்தால்தான் சாவி போடுவார்கள்.

3

எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு முடியும் நேரம் அங்கே விடிந்திருக்கும். வெயில் காலத்தில் இங்கே எட்டு மணிக்கும் வெளிச்சம் இருக்கும். அதனால் அப்பாவின் கொடியேற்றம் எங்களுக்குச் சாயங்கால நிகழ்ச்சி. என் மகள் மதுராவுக்குப் பதின்மூன்று வயது. தாத்தாவை "நீ" என்பாள், தோட்டத்துப் பூனையை "வாங்க" என்பாள். எத்தனையோ முறை திருத்தினேன். "உடுடா, ராணுவத்துல இருவது வருசம் என்ன யாரும் நீன்னு பாசமா கூப்டல" என்றார் அப்பா. அதோடு விட்டேன்.

கொடிக்கு ஆட்சேபம் வந்த செய்தியும் இப்படி ஒரு சாயங்காலத்தில்தான் வந்தது. கம்பம் நட்டுச் சில வாரங்கள் ஆகியிருந்தன. குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் பாஸ்கர், வாட்ஸப் குழுவில் அறிவிப்புப் போட்டிருந்தார். ஏதோ ஓர் அரசு அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு மட்டும்தான் பெற்றார், சூப்பிரண்டு அப்படியே இருக்கிறது. "வீட்டு முகப்பில் கம்பம், தூண், பலகை எதுவும் நிறுவக் கூடாது. உடனே அகற்றவும்." கீழே கைகூப்பும் படம் மூன்று.

"தாத்தா ஏன் ஸூ பண்ணக் கூடாது?" என்றாள் மதுரா. வழக்குப் போடுவது இங்கே பிள்ளைகளுக்குப் பல் தேய்ப்பது மாதிரி.

நான் பேச்சை மாற்றினேன். காரணம் உண்டு. இங்கே நாங்கள் இருக்கும் பேட்டைக்கும் ஒரு சங்கம் இருக்கிறது. வேலியின் உயரம் முதல் வாசல் கதவின் நிறம் வரை அவர்கள் சொன்னதுதான். ஒரு ஆயுத பூஜைக்கு, காருக்குத் திருஷ்டி கழிப்பதாக வாசலில் பூசணிக்காய் உடைத்தேன். உள்ளே குங்குமம் தாராளமாக இருந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டுப் போலீசைக் கூப்பிட்டாள். போலீஸ்காரர் வந்து பூசணிக்காயைக் காலால் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். சங்கம் சிரிக்கவில்லை, நோட்டீஸ் அனுப்பியது. இனி நோட்டீஸ் வராமல் இருக்க என்ன வழி என்று யோசித்து, நோட்டீஸ் அனுப்புகிற கமிட்டியிலேயே சேர்ந்துவிட்டேன். இப்போது மற்றவர்களுக்கு நான் அனுப்புகிறேன். போன மாதம்கூட எதிர்வரிசையில் ஒருவருக்கு, அவர் கொடிக்கம்பத்தின் பெயின்ட் சரியில்லை என்று போயிற்று. கொடியைத் தடுக்க இங்கே சட்டம் விடாது, ஆகவே கமிட்டி பெயின்டைப் பிடித்துக்கொண்டது.

இதை அப்பாவிடம் நான் சொல்லவில்லை. மதுரா சொல்லிவிட்டாள். "தாத்தா, அப்பாவும் இதே மாதிரி லெட்டர் போடுவார். அவர் கமிட்டி."

"அப்ப நீயும் பாஸ்கருதான்" என்றார் அப்பா.

4

பாஸ்கர் கெட்டவர் இல்லை. அவர் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னதை அம்மா அப்படியே நடித்துக் காட்டினாள்.

"இன்னைக்கு நீங்க தேசியக் கொடி ஏத்தறீங்க சார். யாரு இல்லன்றது? நாளைக்குப் பதினோராம் நம்பர்காரரு அவரு கட்சிக் கொடிய ஏத்துவாரு. மறுநாளு பதினாலாம் நம்பர்காரரு அவங்க சங்கக் கொடின்னு வருவாரு. நம்ம பக்கம் கொடிக்கம்பத்துக்கு எத்தினி தல உருண்டுருக்கு, உங்களுக்குத் தெரியாதா?"

அதில் நியாயம் இருக்கத்தான் செய்தது. நம் மாவட்டத்தில் ஒரு முச்சந்தியில் எத்தனை கம்பம் இருக்கிறது என்று பார்த்தால் அந்த ஊரின் வரலாறு தெரிந்துவிடும். ஒன்றைவிட ஒன்று ஒரு சாண் உயரமாக இருக்கும். அந்த ஒரு சாணுக்காகக் கோர்ட்டுக்கு அலைகிறவர்கள் இருக்கிறார்கள்.

அப்பா, "மீட்டிங்ல பேசலாம்" என்றிருக்கிறார். பாஸ்கர் தயங்கினார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. மீட்டிங்ல பேசறதுக்கு மெம்பரா இருக்கணும். ஓனருங்கதான் மெம்பரு. நீங்க ஓனர் இல்லையே."

அம்மா நடிப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "அந்த ஒரு வார்த்தையில ஒங்கப்பாவுக்கு மொகமே செத்துப் போச்சுடா."

மறுநாள் பாஸ்கரிடமிருந்து எனக்கு மின்னஞ்சல் வந்தது. ஓனர் என்ற முறையில், "என் வீட்டில் தங்கியிருக்கும் நபர் கொடியேற்ற எனக்கு ஆட்சேபம் இல்லை" என்று எழுதித் தந்தால் கூட்டத்தில் வைப்பதாகச் சொன்னார். எனக்கு அது சுலபமான வழியாகத் தெரிந்தது. எழுதி முடித்து, அப்பாவுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அனுப்பலாம் என்று கூப்பிட்டேன்.

"யாருடா தங்கியிருக்கற நபரு?"

"அது சும்மா ஃபார்மாலிட்டிப்பா."

"கொடியேத்த நீ எனக்கு பர்மிஷன் குடுப்பியா? அடுத்தவன் ஊட்டுல எவனாச்சும் கொடியேத்துவானா? இது யாரு ஊடு, அத்த மொதல்ல சொல்லு."

"உங்க வீடுதான்பா."

"அப்ப பர்மிஷன் எதுக்கு?"

எழுதியதை அழித்தேன். அப்பா வெளியே பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருக்க, கூட்டத்தில் ஆடி முடிவதற்குள் கம்பத்தைப் பிடுங்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள்.

5

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். விழுப்புரம் பக்கத்து அனந்தபுரத்துக்காரி. கணவர் எல்லையில் காவல் நின்ற காலத்தில், ஊரில் வாடகை கேட்கும் வீட்டுக்காரர், பால்காரர், பள்ளிக்கூடம் என்று எல்லா எல்லையையும் தனியாகக் காத்தவள். தீர்மானம் வந்தபின், ஆடி முதல் வெள்ளிக்கிழமை, அப்பா கொடியை ஏற்றிவிட்டுப் பால் வாங்கப் போன நேரத்தில், கம்பத்தின் அடியில் மஞ்சள் துணியைச் சுற்றி, வேப்பிலை செருகி, குங்குமத்தை அள்ளி அப்பி, எலுமிச்சம்பழத்தைக் கட்டிவிட்டாள். பக்கத்தில் ஒரு அடுப்பை வைத்துக் கேப்பைக் கூழ் காய்ச்சினாள்.

அப்புறம் நடந்ததற்கு யாரும் பொறுப்பில்லை. வாக்கிங் போன பெண்கள் செருப்பைக் கழற்றினார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டம் பூங்கா வரை நின்றது. சுண்டலும் வேகவைத்த மல்லாட்டைக் கடலையும் பிரசாதம். வயிற்று வலி நின்றது என்று ஒரு பெண், மகனுக்கு விசா கிடைத்தது என்று இன்னொரு பெண். பாஸ்கரின் மனைவியே தினமும் மூன்று சுற்றுச் சுற்றினாராம்.

பாஸ்கர் கம்பத்தைப் பிடுங்க ஆள் கூட்டி வந்தார். வந்தது வேறு யாருமில்லை, முருகன்தான். மஞ்சள் துணியைப் பார்த்ததும் கடப்பாறையைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "புள்ள குட்டிக்காரன் சார் நானு. பொட்டு வச்ச கம்பத்துல கைய வெக்க மாட்டேன். வேற ஆளப் பாருங்க." வேறு ஆட்களும் வந்தார்கள், வந்தவர்கள் எல்லாம் மல்லாட்டை வாங்கிக்கொண்டு போனார்கள்.

"எப்டிடா ஐடியா?" என்றாள் அம்மா. "இந்த ஊர்ல கம்பத்தக் காப்பாத்தணும்னா வேற என்னா வழி?"

கம்பம் பிழைத்தது, கொடி போயிற்று. பால் வாங்கி வந்த அப்பா, மஞ்சள் துணியைப் பார்த்த அதே நிமிடம் கொடியை இறக்கி, மடித்து, பீரோவில் வைத்துவிட்டார். வேப்பிலை கட்டிய கம்பத்தில் கொடி ஏறக் கூடாது. அம்மாவிடம் பேச்சையும் நிறுத்திவிட்டார். ஒரே வீட்டில் இருவரும் என் வழியாகப் பேசினார்கள். "சட்னில உப்பு இல்லன்னு ஒங்கம்மா கிட்ட சொல்லு" என்று திண்டிவனத்திலிருந்து டெக்சஸ் போய், அங்கிருந்து சமையலறைக்குத் திரும்பும் செய்தி.

பாஸ்கருக்கு நிம்மதி. கம்பம் சங்கத்துப் பொதுச் சாமியாக அங்கேயே இருக்கட்டும், அடியில் டைல்ஸ் பதித்துக்கொள்ளலாம், கொடி மட்டும் வேண்டாம் என்று தூது அனுப்பினார். எல்லோருக்கும் சம்மதம். பீரோவில் இருக்கிற கொடிக்கும், அதை ஏற்ற முடியாத ஆளுக்கும் மட்டும்தான் இடமில்லை.

6

ஒருநாள் விடிகாலையில் அப்பா ஒரு வாளித் தண்ணீரும் துணி சோப்புமாகக் கம்பத்தடிக்குப் போனார். துணியை அவிழ்த்து, குங்குமத்தைத் தேய்த்துக் கழுவினார். அம்மா போனைப் பிடித்துக்கொண்டு எனக்குக் காட்டினாள்; தடுக்கவில்லை. சோப்பு நுரை வழிந்து கம்பம் பளிச்சென்று ஆனது. அப்பா இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தார்.

அதற்குள் நடைக்கு வந்த பெண்கள் நின்றுவிட்டார்கள். சண்டை வரும் என்று நினைத்தேன். ஒரு பெண் கைகூப்பி, "ஐயா கையால அபிசேகம்! சொல்லியிருந்தா பால் கொண்டாந்திருப்பமே!" என்றாள். ஓடிப்போய்க் கொண்டுவந்தும் விட்டார்கள். அப்பா வாளியோடு நின்றார். அவர் கழுவிய இடத்தில் பால் ஊற்றி, புது மஞ்சள் துணி கட்டி, அவர் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்துவிட்டார்கள்.

"பேஜாரு புடிச்ச ஊருடா இது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். மதுரா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். பகலில் படுத்தே பழக்கமில்லாத ராணுவக்காரர், அன்று போனவர் மறுநாள் காலைவரை அறையை விட்டு வரவில்லை என்று அம்மா பிறகு சொன்னாள். குரலில் பயம் இருந்தது. "தெரியாம பண்ணிட்டனாடா?" என்று கேட்டாள்.

7

அமெரிக்காவில் இருப்பவனுக்குச் சுதந்திர தினம் முந்தின நாள் சாயங்காலமே வந்துவிடும். ஆகஸ்ட் பதினான்கு, சாப்பாட்டு மேசையில் போன் அடித்தது. "ஜல்தி பாரு" என்றாள் அம்மா.

அப்பா வீட்டு வாசலில் நின்றிருந்தார். பழைய கோட்டு, மார்பில் பதக்கங்கள். கையில் ஒரு மூங்கில் கழி, அதன் நுனியில் கொடி. கம்பத்தில் கட்டவில்லை, எதிலும் சாய்க்கவில்லை. கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.

கூட்டம் சேர்ந்துவிட்டது. பாஸ்கர் போனில் விதிகளைத் திறந்து வைத்துக்கொண்டு வந்தார். "சார், கம்பம் நிறுவக் கூடாதுன்னு…"

"எங்க நிறுவியிருக்கேன்? கையில புடிச்சிக்கினு நிக்கிறேன். நிக்கக் கூடாதுன்னு இருந்தா படிங்க."

பாஸ்கர் மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அப்படி ஒரு விதி இல்லை.

"எவ்ளோ நேரம் சார் நிப்பீங்க?"

"சூரியன் சாயற வரைக்கும்."

"முட்டி தாங்காது சார்."

"கார்கில் இரும்பு உள்ள கீது. தாங்கும்."

"தாத்தா, நீ டயர்டா இல்லையா?" என்று மதுரா கத்தினாள்.

"ஆள் மாத்த ஆள் வந்தா நகர்ந்துடுவேன் கண்ணு. சென்ட்ரி டூட்டின்னா அதான். ஆள் வர்ற வரைக்கும் எடத்த உட்டுப் போவக் கூடாது." என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். நான் தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. ஒரு மணி நேரம் போனதும் கால் மாற்றிக் கால் நின்றார். அம்மாவின் ஒரு கையில் போன், மறு கையில் கம்பத்துக்குக் காட்டக் கற்பூரத் தட்டு. அத்தனை பேர் நடுவில், பல நாள் பேசாதிருந்த புருஷனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை: "இன்னாங்க, ஒன்னுக்கு வருதா?"

தெரு முழுக்கக் கேட்டது. அப்பா அசையவில்லை. கொடி தரையில் படக் கூடாது, சுவரில் சாய்க்கக் கூடாது. அம்மா கையில் கற்பூரம் எரிந்தது. அப்பா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். எதிரே ஒரு கை தூரத்தில் பாஸ்கர். ஓரடி முன்னால் வைத்து, அணிவகுப்பில் போடுவது போல் அவர் "சாவ்தான்!" என்று போட்ட சத்தத்தில் என் கையிலிருந்த டம்ளர் ஆடியது. பாஸ்கர் விறைத்து நின்றார். கழியை அவர் கையில் திணித்துவிட்டு அப்பா உள்ளே போய்விட்டார்.

பாஸ்கரால் என்ன செய்ய முடியும்? கீழே போட முடியாது, யாரிடமும் நீட்டவும் கூச்சம். இத்தனை போன் படம் பிடிக்கிறது. மூஞ்சியைக் கொஞ்சம் கம்பீரமாக வைத்துக்கொண்டார். குழுவில் உடனே "நமது செயலாளர்" என்று படம் வந்து, கீழே கை தட்டும் படங்கள் குவிந்தன.

அப்பா வருவதாகக் காணோம். அம்மா போனோடு உள்ளே போனாள். அவர் மேசையில் உட்கார்ந்து காபி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"அப்பா, அவர் நிக்கிறாரு!" என்றேன்.

"நிக்கட்டும். நல்லாத்தான் நிக்கிறாரு. தோள மட்டும் கொஞ்சம் தளத்தச் சொல்லு." பிறகு அம்மாவிடம் டம்ளரை நீட்டி, "சக்கர பத்தல" என்றார். நேரடியாகவே சொன்னார். அம்மாவுக்குக் கண் கலங்கியது, எனக்கும்தான்.

மறுநாள் காலை, மதுரா பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்தில் அவர்களே கூப்பிட்டார்கள். அங்கே சூரியன் சாய்ந்துகொண்டிருந்தது. பாஸ்கரிடமிருந்து கழியைப் பதினோராம் நம்பர் கட்சிக்காரர் வாங்கியிருக்கிறார். அவரிடமிருந்து பதினாலாம் நம்பர்காரர். பிறகு காவலாளி, வாக்கிங் பெண்கள், கொத்தனார் முருகன். முருகன் மட்டும் வாங்குமுன் கழிக்குப் பொட்டு வைக்கப் பார்த்து அடி வாங்கினாராம். நடுநடுவே அப்பா. ஒரு நிமிடம்கூடக் கொடி ஆளில்லாமல் இருக்கவில்லை. கடைசிச் சுற்று அப்பாவுடையது. இறக்கி, பாஸ்கர் ஒரு முனையைப் பிடிக்க, மடித்தார்.

பாஸ்கர் குரல் கேட்டது: "தீர்மானத்த வாபஸ் வாங்கிக்கலாம் சார். வேற எடத்துல கம்பம் நடலாம். மீட்டிங்குக்கு நீங்க வந்து உக்காருங்க. மெம்பரு கிம்பரெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

அப்பா போனை வாங்கினார். முகம் களைத்திருந்தது, கண் சிரித்தது. நான் ஏதேதோ வாழ்த்துச் சொன்னேன். மதுரா பையை மாட்டிக்கொண்டு குறுக்கே வந்தாள்.

"எல்லாரும் ஹோல்ட் பண்ணிட்டாங்க. உன் டர்ன் எப்போப்பா?"

சிரித்து மழுப்பப் பார்த்தேன். அவள் அமெரிக்கப் பிள்ளை. முறை என்றால் முறை, பதில் வரும்வரை நின்றாள். போனிலிருந்து அப்பாதான் பதில் சொன்னார்.

"அவன் ஓனரு கண்ணு. ஓனருங்க நிக்க மாட்டாங்க."

கிண்டலாகத்தான் சொன்னார். ரொம்ப வலித்தது.